யாரையும் தொடாத கட்டி

மனித உடம்பின் ஒவ்வோர் அங்குலமும் ஏதாவது ஒரு துறையின் ஆளுகைக்கு உட்பட்டது என்பது அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் அடிப்படைக் கொள்கை. இடது நுரையீரல் முதல் மாடி, வலது நுரையீரல் இரண்டாம் மாடி, இதயம் மூன்றாம் மாடி, உணவுக்குழாய்க்கு மட்டும் அடித்தளம். இந்த ஏற்பாடு தெரியாமல் நம் கணக்கு வாத்தியாருக்கு இரண்டு நுரையீரலுக்கும் நடுவே, மார்பெலும்புக்குப் பின்னால், ஒரு கட்டி வந்து தொலைத்தது. என்ன திமிர் பாருங்கள்!

முதலில் கண்ணிமைதான் மக்கர் பண்ணியது. மத்தியானம் ஆனால் இரண்டு இமையும் தானாக இறங்கிவிடும். வகுப்பில் தூங்குகிறார் என்று ஹெட்மாஸ்டர் மெமோ கொடுத்தார். அடுத்து, சோறு தொண்டையில் சிக்க ஆரம்பித்தது. கண் டாக்டர், "கோளாறு கண்ணுல இல்ல, நெஞ்சைப் பாருங்க" என்று ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேன் டாக்டரம்மா அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதனால் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருக்கு சார். அங்க கட்டி வர்றதே அபூர்வம். ஊசி விட்டுத் துளி சதை எடுத்து, என்ன வகைன்னு பாக்கணும். சீக்கிரமா எடுத்துட்டா பிழைச்சுக்கலாம். விட்டா மூச்சையே அடைச்சிடும்."

"அப்ப இப்பவே ஊசி போடுங்கம்மா," என்றாள் வாத்தியார் மனைவி.

"போட்டுடலாம். ஃபாரத்துல ஏதாவது ஒரு துறையோட முத்திரை மட்டும் வேணும்."

முதல் மாடி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரசித்தார். "அடடா, அருமையான கட்டி! ஆனா எங்க நுரையீரலைத் தொடலையே. ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி நிக்குது." இரண்டாம் மாடியில் ஸ்கேலை வைத்து அளந்து, மூன்று மில்லிமீட்டர் என்றார்கள். இதயத்துக்காரர், "உரசுற மாதிரிதான் இருக்கு, ஆனா உரசலை" என்று கையை விரித்தார். அடித்தளத்தில் படத்தைக்கூட வாங்கவில்லை. கட்டி முன்பக்கம், குழாய் பின்பக்கம், அவ்வளவுதான் விஷயம்.

"தொட்டாத்தான் பாப்பீங்களா டாக்டர்?" என்று மறுபடி முதல் மாடிக்கு ஏறிக் கேட்டாள் மனைவி.

"தொட்டா எங்க கடமைம்மா, விடவே மாட்டோம். இப்போதைக்கு வளரட்டும். அவரை நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க."

மனைவி படத்தைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாத்தியாரோ படியில் இறங்கும்போதே, "அவங்க சொல்றதும் நியாயம்தானே, ரெண்டு மில்லி இடைவெளி இருக்கே" என்றார். "உங்க தலை!" என்றாள் அவள்.

அந்த வருஷம் டாக்டர்களிடையே அபூர்வ நோய்தான் ஃபேஷன். ஆளுக்கொரு அபூர்வம் கைவசம் இல்லாவிட்டால் மதிப்பில்லை. ஆகவே வாத்தியாரை ஒரு மாநாட்டு மேடையில் உட்கார வைத்து, அவர் கட்டியைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டி, ஆறு பேர் பேசினார்கள். கூட்டத்தில் ஒருவர் மட்டும் எழுந்து, "அது என்ன கட்டி?" என்று கேட்டுத் தொலைத்தார். "அது தெரிஞ்சுட்டா அப்புறம் என்னங்க அபூர்வம்?" என்றார் தலைவர். கைதட்டல் பலமாக இருந்தது.

நான்காம் மாதம் கட்டி தொட்டது. வாத்தியாரால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை, ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அரை மணி நேரம்தான் தாங்கியது. பாழாய்ப்போன கட்டி இரண்டு நுரையீரலையும் ஒரே நேரத்தில் தொட்டிருந்தது. எந்தப் பக்கம் முதலில் தொட்டது என்பதைத் தீர்மானிக்க எல்லைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழுவின் முதல் கூட்டம், தலைவர் வெளியூரிலிருந்து திரும்பியதும் நடைபெறும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

மனைவி நோட்டீஸைப் படித்தாள். ஃபாரத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பிணவறைக் கதவைத் தட்டினாள்.

பிணவறை டாக்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "பாடி எங்கம்மா?"

"வீட்டுல இருக்காரு. மூச்சு வாங்குது."

"மூச்சு வாங்குதா? அப்புறம் ஏன் இங்க வந்தீங்க?"

"மத்தவங்க எல்லாரும் துண்டு துண்டாத்தான் எடுக்கறாங்க டாக்டர். ஆளை முழுசா எடுத்துக்கற துறை உங்களுதுதானே?"

டாக்டர் பேப்பரை மடித்து வைத்தார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். உயிர் இருக்கக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. யாருக்கும் அது தோன்றியிருக்காது. முத்திரையைக் குத்தினார். "திறக்க அனுமதி கொடுத்துட்டேன். மூடி வீட்டுக்கு அனுப்புற வழக்கம் எங்ககிட்ட இல்ல. அதை சர்ஜன்கிட்ட தனியா சொல்லி வச்சுக்குங்க."

முத்திரையைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி பரபரவென்று இயங்கியது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எவனும் படிக்கவில்லை. ஊசி போட்டார்கள், கட்டியின் வகை மூன்றே நாளில் தெரிந்தது, எட்டாம் நாள் எடுத்தும் விட்டார்கள். வாத்தியார் பிழைத்தார்.

பிழைத்தவர் சும்மா இருந்தாரா? மனைவி வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும், பிணவறையின் தன்னலமற்ற சேவையைப் பாராட்டி நிர்வாகத்துக்கு நான்கு பக்கம் நன்றிக் கடிதம் எழுதினார். நிர்வாகம் பூரித்துப் போனது. இவ்வளவு சிறப்பாகச் செயல்படும் துறை ஒன்றாக இருக்கலாமா என்று, உடனே அதை இடது பிணவறை, வலது பிணவறை என இரண்டாகப் பிரித்தது.

மனைவி வெளியே போயிருந்த ஒரு காலையில், கையில் ஸ்கேன் படத்தோடு ஓர் இளம்பெண் வாத்தியாரைத் தேடி வந்தாள்.

"எங்கப்பாவுக்கும் உங்களுக்கு வந்த இடத்துலதான் சார் கட்டி. பிணவறையில கேட்டா, நடுவுல இருந்தா ரெண்டு பேருக்கும் வராதுங்கறாங்க. அப்பாவுக்கு மூச்சு வாங்குது சார். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "அடடா, அருமையா இருக்கே! எவ்வளவு தள்ளி நிக்குதுன்னு சொன்னாங்க?"

"ஒரு மில்லி, சார்."

"ஒரே மில்லியா? எனக்கு ரெண்டு இருந்துச்சும்மா! உங்கப்பா குடுத்து வச்சவரு. நல்லாச் சாப்பிடச் சொல்லு, ஒரு மாசத்துல தொட்டுடும்."

பெரிய அனுபவஸ்தர் சொன்ன வார்த்தை. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொன்னாள். பிறகு அப்பாவுக்கு முட்டை வாங்கக் கடைக்குப் போனாள்.