புரோக்கானின் பேரன்மார்

எங்கள் அயர்லாந்துச் சீமையில் நிலத்துக்குச் சாட்சி மனிதன் அல்ல, கல். பாட்டனைப் புதைத்த மேட்டில், விளிம்பெல்லாம் கீறல் கீறலாக அவன் பேரை வெட்டிய கல் நின்றால், நிலம் பேரப்பிள்ளைக்கு. மனிதச் சாட்சி ஒரு குவளை பீருக்கு மாறிவிடுவான். கல் குடிக்காது பாருங்கள்!

எங்கள் ஊர்ப் பெண் லாசருக்கு அப்படி ஒரு கல், பாட்டன் புரோக்கான் பேரில். கூடவே ஒரு மேய்ச்சல் நிலம், சில பசுக்கள். வேறு நாதி கிடையாது. பக்கத்து நிலத்து எர்னனுக்கு அந்தப் புல்மேல் கண். நிலத்துக்கு உரிமை கோரும் முறைப்படி இரண்டு குதிரைகளைப் புதைமேட்டின்மேல் நடத்திக்கொண்டு போய், "நானும் புரோக்கான் பேரன், நிலம் எனக்கு" என்றான். வழக்கு நீதிபதி டாதியிடம் வந்தது.

"சாட்சி எங்கேம்மா?"

"மேட்டுல நிக்குதுங்க ஐயா. கல்லுங்க."

"சாட்சின்னா சபைக்கு வரணும். கனமா இருக்கேன்னு விட்டா, நாளைக்குக் குண்டா இருக்கிறவன் எவனும் சாட்சிக்கு வரமாட்டான்."

நியாயம்தானே! எருதுகளைப் பூட்டி, டாதியின் முற்றத்துக்கு இழுத்து வந்தோம். டாதி எழுந்து நின்று, மாண்புமிகு கல்லை விளித்தார்.

"புரோக்கானே, எர்னன் உம்ம பேரன்னு சொல்றான். மறுக்கிறீரா?"

கல் பேசவில்லை.

"மௌனம் சம்மதம். எர்னன் பேரனே!"

லாசர் டாதியின் முன்னால் பாய்ந்தாள். "அட பாவி மனுஷா! அப்ப நீயும் பேரனான்னு கேளேன்!"

டாதி கேட்டார். கல் மறுக்கவில்லை. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "தாத்தா!" என்று கட்டிக்கொண்டார்.

அப்புறம் நாங்கள் சும்மா இருப்போமா? ஊரே வரிசையில் நின்றது. மடத்துத் துறவிகூட நின்றார். புரோக்கான் உயிரோடு இருந்தபோது பெற்றது ஒரே மகன். செத்தபின் ஊரளவு பேரன்கள்! நிலம் ஆளுக்குப் பாயகலமாகப் பிரிந்தது. பசுக்கள் வேலியோரம் நின்று கத்தின. லாசர் அழுதாள்.

"அழாதே தங்கச்சி, பங்காளிக்குள்ள என்ன வருத்தம்?" என்று ஆறுதல் சொன்னோம்.

கொஞ்ச நாளில் அரசனின் ஆள் வந்தான். "வடக்கே சண்டை. இத்தனை நாள் பொம்பளை நிலம்னு படைக்கு ஆள் கேக்காம விட்டுவெச்சோம். இப்பத்தான் ஆம்பிளைங்க வந்துட்டீங்களே! புரோக்கான் பேரனுங்க எல்லாரும் ஈட்டியோட கிளம்புங்க."

"அவர் எங்க தாத்தாவே இல்லீங்க!" முதலில் கத்தியவர் டாதிதான்.

வந்தவன் சட்டம் தெரிந்தவன். நேரே கல்லிடம் போனான். "பெரியவரே, இவங்க உங்க பேரனுங்கதான்னு சொல்றேன். மறுக்கிறீங்களா?"

நாங்கள் கல்லைப் பார்த்தோம். துறவி ஜபமே ஆரம்பித்துவிட்டார். கல் வாயைத் திறக்கவில்லை.

ஈட்டியோடு நடந்தோம். லாசர் பசுக்களை நிலத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பத்திரமா போயிட்டு வாங்க, அண்ணன்மாரே! வரலேன்னாலும் கவலைப்படாதீங்க. ஆளுக்கொரு கல் நட்டுடறேன்."