நரகத்துக்கு நாலாவது சந்து

காலை ஒன்பது மணிக்குள் மூன்றாவது தடவையாகக் குப்பை காணாமல் போயிருந்தது.

கோர்டன் தலையில் கைவைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தான். விடிந்ததும் விடியாததுமாகக் காய்கறிச் சந்தைக்கு ஓடி, அழுகிய முட்டைக்கோஸ், கிழிந்த பேப்பர், காலி பாட்டில் என்று அறுபது மூட்டை பொறுக்கி வந்திருந்தான். சும்மா கொட்டவில்லை. கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்வதுபோல் எட்ட நின்று பார்த்துப் பார்த்துக் கொட்டியிருந்தான். ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் தெரு பளபளவென்று இருந்தது.

இடுப்பில் வாக்கி-டாக்கி கரகரத்தது.

"யோவ் கோர்டன்! இதாய்யா நியூயார்க்? ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கு!"

டைரக்டர் ரிக் ஸ்டீலின் குரல். தொப்புள்வரை திறந்த கறுப்புப் பட்டுச் சட்டை, தங்கச் சங்கிலி, கறுப்புக் கண்ணாடி. "நான் நியூயார்க் சாக்கடையிலயே பொறந்து வளந்தவன்" என்று நாளுக்கு நாலு தடவை சொல்வார். காலையில் வேன் இந்தத் தெருவுக்குள் திரும்பியதும் ஜன்னல் வழியே ஒரே ஒரு பார்வை பார்த்தார். உடனே திரையை இழுத்துவிட்டுக்கொண்டவர், இன்னும் இறங்கவில்லை; திரை இடுக்கு வழியாகத்தான் பார்வையெல்லாம். பெரிய கலைஞர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று கோர்டன் நினைத்துக்கொண்டான்.

படத்தின் பெயர் 'நரகத்துக்கு நாலாவது சந்து'. நியூயார்க் தெருவில் கொலை, கஞ்சா, லஞ்சம் வாங்கும் போலீஸ், துணி போதாத பெண்கள். ஆனால் நிஜ நியூயார்க்கில் எடுத்தால் தயாரிப்பாளருக்குக் கோவணம்கூட மிஞ்சாது. அதனால் அந்த எண்பதுகளில் எல்லாரும் செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள். டொரான்டோவில் வந்து இறங்கி, இதுதான் நியூயார்க் என்று சாதித்தார்கள். டொரான்டோவில் எல்லாம் கிடைக்கும், அழுக்கு மட்டும் கிடைக்காது. அதைக் கொண்டுவருவதுதான் கோர்டன் வேலை.

பதினொரு வருஷம் துணிக்கடை ஜன்னலில் பொம்மைகளுக்கு உடுத்திவிட்டவன் அவன். இது முதல் படம். நாலு மணிக்குள் தெரு நாறவில்லை என்றால் படத்தையே மான்ட்ரியலுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று டைரக்டர் கெடு வைத்திருந்தார். அப்படிப் போனால் கோர்டன் திரும்பவும் பொம்மைக்கு ஜட்டி மாட்ட வேண்டியதுதான்.

பதினாலாம் நம்பர் வீட்டு வாசலில் ஒரு அம்மாள் சோப்புத் தண்ணீர் ஊற்றி நடைபாதையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெயர் டியோலிண்டா. அந்தத் தெருவில் எல்லாரும் போர்த்துக்கீசியர்கள். வாசலைக் கழுவாமல் அந்தப் பெண்களுக்குத் தொண்டையில் காபி இறங்காது.

"அம்மா, இங்க குப்பை கிடந்துச்சே, பாத்தீங்களா?"

"பாக்காம? மூணு தடவை அள்ளிட்டேன் தம்பி. எந்தக் கழிசடையோ வந்து வந்து கொட்டிட்டுப் போறான். கையில மட்டும் கிடைச்சான், துடைப்பம் பிஞ்சிரும்."

கோர்டன் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான். "அது... நான்தாம்மா. சினிமாவுக்கு. இந்தத் தெரு நியூயார்க் மாதிரி அழுக்கா இருக்கணும்."

"நியூயார்க் அழுக்குன்னு உனக்கு யாரு சொன்னா? என் மகன் ஹென்ரிக்கே எட்டு வருஷமா அங்கதான் சாமியாருக்குப் படிக்கிறான். மூஞ்சியப் பாத்து எட்டு வருஷமாச்சு, ஆனா மாசம் தவறாம லெட்டர் வரும். அங்க ரோட்டுல சூப்பை ஊத்திக் குடிக்கலாமாம், அவ்வளவு சுத்தமாம்!"

"என் பொழைப்பே குப்பைதாம்மா. கொஞ்சம் விட்ருங்க."

டியோலிண்டாவின் முகம் இளகிப்போயிற்று. அத்தோடு விட்டிருந்தால் தேவலை. அவள் ஜன்னல் ஜன்னலாகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"அடியே, வாங்கடி! இந்தப் புள்ள பாவம், குப்பையில கிடந்து லோல்படுது. ஆளுக்கு ஒரு கை குடுங்க!"

ஏழு பெண்கள் ஏழு வாளியோடு வந்தார்கள். அரை மணியில் தெருவிளக்குக் கம்பம்கூட மின்னியது.

"யோவ்!" என்றது வாக்கி-டாக்கி.

சரி, குப்பை போனால் போகட்டும், ரவுடிகள் இருக்கிறார்களே! எட்டுத் துணை நடிகர்களுக்குத் தோல் சட்டை மாட்டி, கன்னத்தில் தழும்பு வரைந்து, "போறவன் வர்றவன் எல்லாரையும் முறைங்கடா" என்று வாசல்களில் நிறுத்தினான் கோர்டன். கால் மணி கழித்து வந்து பார்த்தால், எட்டுப் பேரும் டியோலிண்டா வீட்டுப் படியில் வரிசையாக உட்கார்ந்து கீரை சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன், ஆறரை அடி வெய்ன், கூடையை மடியில் வைத்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தான்.

"டேய் வெய்ன்! நீ கூலிக்குக் கொலை பண்றவன்டா!"

"தெரியும் சார். இந்த ஒரு கூடைதான். அம்மா தனியா எவ்வளவுன்னு உரிப்பாங்க?"

கோர்டனுக்கு வெறி பிடித்தது. கடைசி அஸ்திரத்தை எடுத்தான். பூட்டிக் கிடந்த கடைக்கு மேல், எட்டடி உயரத்தில் பலகையில் வெட்டிய ஒரு பெண்ணை ஏற்றினான். இரண்டு நட்சத்திரங்கள் தவிர அவள் மேல் நூல் இல்லை. கீழே 'அந்தரங்க நடனம்' என்று எழுதி, தெரு நெடுக சிவப்பு பல்பு கட்டிப் போட்டான். இதற்கு மேல் நாற முடியாது என்று அவனுக்கே திருப்தி. சந்தோஷத்தில் விசிலடித்துக்கொண்டே டேப் வாங்கிவரப் போனான்.

திரும்பி வந்தபோது பலகைப் பெண் கழுத்திலிருந்து முழங்கால்வரை கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தாள்.

"மே மாசக் குளிரு எலும்பைத் துளைக்கும் தம்பி" என்றாள் டியோலிண்டா ஏணியிலிருந்து இறங்கியபடி. "ஆமா, மாதா பவனி ஞாயித்துக்கிழமைன்னுல்ல சொன்னாங்க? இன்னைக்கே வெச்சிட்டாங்களா? பல்பெல்லாம் ஜோராத்தான் கட்டியிருக்கே!"

"பவனியா?" கோர்டன் நிமிர்ந்து பார்த்தான்.

சிவப்பு விளக்கைக் கண்ட தெரு முழுக்க பவனி என்றே முடிவுகட்டிவிட்டது. ஜன்னலுக்கு ஜன்னல் பூவேலை செய்த படுக்கை விரிப்புகள் தொங்கின. பெண்கள் நடுத்தெருவில் பூவிதழ்களைக் கோலமாகப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். முனையில் கோயில் பாண்டுக்காரர்கள் டிரம்பெட்டைத் துடைத்தார்கள். மாதா சுரூபத்தைத் தூக்கத் தோள் வேண்டுமே, எட்டு ரவுடிகளும் தோல் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தயாராக நின்றார்கள். வெய்ன் தழும்பையும் கழுவிவிட்டான்.

மணி மூன்றே முக்கால்.

"கோர்டன்" என்றது வாக்கி-டாக்கி, ரொம்ப நிதானமாக. ஏதோ நிம்மதி கிடைத்த குரல் மாதிரிகூட இருந்தது. "மூட்டையைக் கட்டுய்யா. மான்ட்ரியல்."

கோர்டன் படியில் பொத்தென்று உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. டியோலிண்டா ஓடிவந்தாள்.

"என்ன ராசா, ஏன் அழறே?"

"எல்லாம் போச்சும்மா. தெரு ரொம்ப சுத்தமா இருக்காம். படத்தை வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போறார். எனக்கு வேலை அவ்வளவுதான்."

அவள் கையிலிருந்த பூக்கூடை நழுவியது. "ஐயையோ, நானா உன் சோத்துல மண்ணள்ளிப் போட்டேன்? யாரு அந்த மவராசன்? எங்க இருக்கான்?"

"அந்த வேன்லதான். யாரையும் பாக்க மாட்டார்மா."

"என்னைப் பாப்பான்" என்று சொல்லி, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். கதவைத் திறந்தாள். உள்ளே ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது.

மூன்று நிமிஷம் ஆயிற்று. அப்புறம் வாக்கி-டாக்கி கரகரத்தது. குரல் நடுங்கியது.

"கோர்டன் தம்பி... தெரு பிரமாதம். அச்சு அசல் நியூயார்க். எதையும் மாத்த வேண்டாம். இங்கயே எடுப்போம்."

கோர்டன் எழுந்து குதித்தான். வெய்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். அந்த அம்மாள் அப்படி என்னதான் சொன்னாள்? துடைப்பத்தாலேயே போட்டுவிட்டாளா?

வேன் கதவு திறந்தது. டியோலிண்டா டைரக்டரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். கறுப்புக் கண்ணாடியைக் காணோம். தங்கச் சங்கிலியையும் காணோம். கறுப்புச் சட்டையின் பொத்தான்கள் கழுத்துவரை ஒன்று விடாமல் போடப்பட்டிருந்தன. ரிக் ஸ்டீல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். டியோலிண்டாவின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஓடியது. பாண்டுச் சத்தத்தையும் மீறித் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"எல்லாரும் ஓடி வாங்கடி! என் மகன் ஹென்ரிக்கே, சாமியார் பட்டம் வாங்கறதுக்கு முன்னாடியே, இந்தப் பாவிங்களத் திருத்த வந்துட்டான்டி!"