மூடி எந்தப் பக்கம்?

சங்கராபுரம் தாலுகாவில் இதுவரை பிறந்தவர்களிலும் சரி, இனிமேல் பிறக்கப் போகிறவர்களிலும் சரி, டைட்டு மாமா அளவுக்கு மனுஷர் உயிரை வாங்கக்கூடிய ஆள் ஒருவரும் கிடையாது. பக்கத்துக் கடைக்காரி என்ற முறையில் இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

பெயரைப் பார்த்து யாரும் அவசரப்பட வேண்டாம். மாமா குடிக்கிற ஆள் இல்லை. அவர் மரக் கடைசல் வேலை செய்பவர். பாலை மரக்கட்டையை மோட்டாரில் மாட்டிச் சுற்றவிட்டு, வளைந்த உளியால் உள்ளே குடைந்து, குங்குமச் சிமிழ், உப்புச் செப்பு, பொடி டப்பா என்று செய்வார். சுற்றுகிற மரத்தின் மேல் அரக்குக் குச்சியை வைத்து அழுத்தினால், உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகிச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் படியும். அதன் மேல் தாழை மடலால் ஒரு தேய்ப்பு. முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். இதுவரை அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை மூடியில்தான் ஆரம்பிக்கும்.

அவர் செய்கிற மூடி அப்படி ஒரு டைட்டு. திறப்பதற்கு வீட்டில் இரண்டு பேர் வேண்டும். உப்புச் செப்பு வாங்கிய ஒரு டீச்சரம்மா, அதைத் திறந்த வேகத்தில் சமையலறை முழுக்க உப்பளம் ஆக்கினார். திருநாவலூர்ப் பெரியவர் ஒருவர் மூக்குப்பொடி டப்பா வாங்கிப் போய், ஓடுகிற பஸ்ஸில் பல்லால் கடித்துத் திறந்தார். டிரைவர், கண்டக்டர் உட்பட அந்த பஸ் உளுந்தூர்பேட்டை வரைக்கும் தும்மிக்கொண்டே போனதாகக் கேள்வி.

"மாமா, கொஞ்சம் லூசா செஞ்சாத்தான் இன்னா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"லூசா வோணும்னா வேற பட்டறைக்குப் போவச் சொல்லு பாப்பா. இந்த எடத்துல லூசு நான் ஒருத்தன்தான்" என்றார், சிரிக்காமல்.

என் பிழைப்பு அவர் பட்டறையை ஒட்டிய ஜெராக்ஸ் கடை. அவர் மோட்டாரைப் போட்டால் என் மெஷினுக்கு வோல்டேஜ் இறங்கிவிடும். ஆதார் கார்டு பாதி வந்து நின்றுபோகும். நான் சுவரைத் தட்டுவேன். அவர், ஏதோ பாராட்டுகிறேன் என்று நினைத்துத் திருப்பித் தட்டுவார். வருஷக்கணக்காக மோட்டார் சத்தத்தில் இருந்து காது மந்தம். அதனால் எதைச் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும்படி கத்தித்தான் சொல்வார். மரத்தூள் பட்டு இரண்டு கண்ணும் எப்போதும் சிவப்பு. டைட்டு என்று ஒரு பெயர், சிவந்த கண், இந்தக் குரல். தெரியாதவர்கள் என்ன நினைப்பார்கள்?

இதைவிடப் பெரிய வியாதி ஒன்று அவருக்கு உண்டு. மூடியும் டப்பாவும் சேர்கிற இடத்தில் கோடு தெரியக் கூடாது. அதற்காக மூடியைப் போட்டு மூடி, முழுசாக மறுபடி மோட்டாரில் மாட்டி, அந்தச் சேர்மானத்தின் மேலேயே சுற்றி ஒரு பட்டை அரக்குப் போடுவார். இப்போது எது மூடி, எது டப்பா என்று படைத்த பிரம்மனுக்கும் தெரியாது. கடைசியாக, சுற்றும்போதே கூரான சின்ன உளியால் அதே இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெட்டு. அப்போதுதான் மூடி பிரியும். அந்த வெட்டு விழாதவரை அது திறக்காது. வெறும் கட்டைதான்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் மணலூர்பேட்டை. கரும்பு போடுகிற குடும்பம். செய்தி கேட்டதும் மாமா கடைக்குள் வந்து நின்று கத்தினார். "பாப்பா! தாலி வைக்கிற சிமிழு நம்ம சீரு. ஒருத்தனும் குறுக்க வரக் கூடாது!" ஒருத்தரும் குறுக்கே வரவில்லை. அவர்தான் 'நாளைக்கு, நாளைக்கு' என்று மூன்று மாதம் இழுத்தார். அதுவும் சும்மா அளவு சொன்னால் ஆகாதாம். தாலியையே கொண்டுவர வேண்டுமாம். உள்ளே குலுங்காமல் குடைய வேண்டுமாம்.

கடைசியில் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வேளை வந்தது. என் மாமியார் தாலியை மஞ்சள் துணியில் சுற்றி, முந்தானையில் முடிந்துகொண்டு பட்டறைக்கு வந்தார். நான் கையில் மருதாணியோடு வீட்டில் இருந்தேன். நடந்ததை அத்தை ஒரு விதமாகவும் மாமா ஒரு விதமாகவும் பிற்பாடு சொன்னார்கள். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

சிமிழ் சொம்பு அளவில், மேலே குமிழோடு தயாராக இருந்தது. அத்தை தன் கையாலேயே தாலியைப் பஞ்சு வைத்து உள்ளே வைத்தார். மாமா மூடியைப் போட்டு, மோட்டாரில் மாட்டினார். தாலி உள்ளே சுற்ற, மேலே சிவப்பு அரக்குப் பட்டை ஓடியது. "எம்மாம் அழகா கீதுங்க!" என்று அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மணலூர்பேட்டை பஸ் ஹாரன் அடித்தது. மாமா உளி எடுக்கத் திரும்பினார். திரும்பிய இடைவெளியில் மோட்டாரை அத்தையே நிறுத்தி, சிமிழைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "வரேனுங்க! ரொம்ப சந்தோசம்!" என்று பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

"இன்னும் வெட்டலீங்கோ!" என்று மாமா தெருக்கோடி வரை ஓடியிருக்கிறார். ஜன்னல் வழியாக அத்தை கையசைத்திருக்கிறார்.

மாமா உடனே எனக்குப் போன் செய்திருக்கிறார். என் போன் சைலன்ட்டில் எந்தப் பையில் கிடந்ததோ தெரியாது. சரி, காலையில் நேரில் போய்த் திறந்து கொடுத்துவிடலாம் என்று உளியை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் பஸ்ஸில் மணலூர்பேட்டை மண்டபத்துக்கு வந்துவிட்டார். வாசலில் வரவேற்க நின்றது மாப்பிள்ளையின் சித்தப்பா. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் தூரத்திலிருந்தே, "சித்தப்பா, டைட்டு வந்துகினு கீறாரு, உள்ள வுடுங்க!" என்று உதவி செய்தார்.

சித்தப்பா பார்த்தார். சிவந்த கண். இடுப்பில் உளி. வந்த ஆள் வாயைத் திறந்ததும் மண்டபம் அதிர்ந்தது. "தாலி தொறக்காது! நான் வந்தாத்தான் தொறக்கும்!"

கல்யாண வீட்டு வாசலில் நின்று இப்படிப் பேசினால் யார்தான் விடுவார்கள்? "காலங்காத்தாலயே ஏத்திக்கினு வந்துட்டியா?" என்று இரண்டு பேரை விட்டுத் தூக்கி, எதிர்ப்பக்கம் வாழைக்குலை லாரிக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

உள்ளே முகூர்த்தம் நெருங்கிவிட்டது. ஐயர் மந்திரத்தை முடித்துக் கையை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். மேளம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. அட்சதை மழையாக விழுந்தது. அத்தை பெருமையோடு சிமிழை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளை குமிழைப் பிடித்துத் திருகினார். திறக்கவில்லை. தலைகீழாகப் பிடித்துத் திருகினார். அப்போதும் திறக்கவில்லை.

"மூடி எந்தப் பக்கம்மா?" என்று தன் தாயாரைக் கேட்டார்.

அத்தை வாங்கிப் பார்த்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன் வாங்கிப் பார்த்தார். போட்டோகிராபர்கூட கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு திருகு திருகினார். மேளக்காரர்கள் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். நாதஸ்வரக்காரருக்குக் கண் பிதுங்கிவிட்டது. ஐயர் கையை இறக்கினார். மேளம் நின்றது. கையில் அட்சதை தீர்ந்துபோனவர்கள் குனிந்து ஜமுக்காளத்தில் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்களின் சிரிப்பும் அதோடு போயிற்று. "சகுனமே சரியில்லியே. வேற நாளு பாத்துக்கலாமா?" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மேளம் நின்ற அமைதியில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. எங்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த நிமிஷம் டைட்டு மாமா என் கையில் கிடைத்திருந்தால் அவரையே மோட்டாரில் மாட்டியிருப்பேன்.

"முகூர்த்தம் போயிண்டிருக்கு. கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டித் தாலியாக் கட்டலாம், சாஸ்திரத்தில் இடம் இருக்கு" என்றார் ஐயர்.

"எம் மருமவளுக்குக் கெழங்கா? முடியாதுங்க!" என்று அத்தை அழவே ஆரம்பித்துவிட்டார்.

தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டினார். அம்மி மிதிப்பதற்காக வைத்திருந்த அம்மியின் மேல் சிமிழை வைத்து, குழவியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார்.

"யோவ்! ஒடைக்காத! உள்ள இருக்கறது நசுங்கிப் பூடும்யா!"

சித்தப்பாவின் ஆட்கள் இரண்டு பேரும் தொங்கிக்கொண்டிருக்க, அவர்களையும் இழுத்துக்கொண்டே மாமா மேடை ஏறினார். தலையில் வாழைச் சருகு. நேராக வந்து சிமிழைப் பிடுங்கி, வேட்டியால் துடைத்து, கீறல் விழுந்திருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கல்யாணம் நிற்கப் போகிறது, இந்த மனுஷன் கீறல் பார்க்கிறார்!

"மாமா!" என்று வீறிட்டேன். மணப்பெண் அப்படிக் கத்தக் கூடாதுதான்.

"இரு பாப்பா. சுத்தணும். சுத்துனாத்தான் வெட்டு நேரா வுழும். மோட்டாரு இல்ல. கயிறு குடுங்க!"

பந்தல்காரர் கயிறு கொடுத்தார். மாமா நான் உட்கார்ந்திருந்த மணையைப் பிடுங்கி, உளியால் நடுவில் ஒரு குழி தோண்டினார். சிமிழின் அடியை அதில் நிறுத்தி, ஒரு தேங்காய்மூடியைக் குமிழின் மேல் கவிழ்த்தார். "அம்மா, அழுவாம வந்து இத்த அழுத்திப் புடிங்க" என்று அத்தையை உட்கார வைத்தார். சிமிழின் இடுப்பில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முனையை மாப்பிள்ளை கையிலும் மறுமுனையை என் கையிலும் திணித்தார்.

"தயிர் கடையற மாதிரி. நீ இழு, அவரு வுடட்டும். அவரு இழுக்கட்டும், நீ வுடு. ரெண்டு பேரும் ஒண்ணா இழுத்தீங்க, தொலைஞ்சீங்க!"

மாலையும் பட்டும் கட்டிக்கொண்டு நாங்கள் இழுத்தோம். முதலில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இழுத்தோம். "தோ பாரு, இப்பவே ஆரம்பிச்சிட்டாங்க!" என்று யாரோ ஒரு அம்மா சொன்னார். பிறகு ஒருமாதிரி கை பழகிவிட்டது. சிமிழ் இங்கேயும் அங்கேயும் சுழன்றது. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு உளியை வைத்தார். சிவப்பு அரக்கு சுருள் சுருளாக உதிர்ந்து என் மடியில் விழுந்தது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தபடி மந்திரத்தை மட்டும் விடவில்லை. எதற்கு உண்டான மந்திரமோ தெரியாது.

டொப்!

மூடி வந்துவிட்டது. உள்ளே பஞ்சு மெத்தையில், ஒரு கீறல் இல்லாமல் தாலி. அத்தை இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். யாரும் சொல்லாமலே கெட்டிமேளம் கிளம்பியது. எங்கள் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மாமா என்ன செய்தார் தெரியுமா? தாலியைப் பஞ்சோடு ஐயர் கையில் கொடுத்துவிட்டு, மூடியையும் டப்பாவையும் சேர்த்துப் பிடித்து, எங்கள் இருவருக்கும் நட்ட நடுவில் குனிந்து நின்றுகொண்டு, "சே! கோடு தெரியுதே பாப்பா! கோணலா வுழுந்துடுச்சே!" என்று புலம்பினார். அவரைச் சுற்றிக் கையை விட்டுத்தான் என் கணவர் தாலி கட்டினார்.

முதல் பந்தியில் சித்தப்பாவே அவரை உட்கார வைத்து, பக்கத்தில் நின்று பரிமாறினார். "மன்னிச்சுக்குங்க, பேர கேட்டுத் தப்பா நெனச்சிட்டேன்" என்றதற்கு, "சாம்பார்ல உப்பு கம்மி" என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி பதில் வந்தது. மாமாவுக்கு உண்மையிலேயே கேட்கவில்லையா, இல்லை அதுதான் பதிலா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் போடுவதற்காகப் போட்டோகிராபர் படங்களை என் கடைக் கம்ப்யூட்டருக்கே கொண்டுவந்தார். தாலி கட்டுகிற படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் மாப்பிள்ளையின் முகம் பாதிதான் தெரிகிறது. என் முகம் அழுது வீங்கியிருக்கிறது. நடுவில், தலையில் வாழைச் சருகோடு, சிமிழை முறைத்தபடி டைட்டு மாமா.

"அக்கா, இவர மட்டும் அழிச்சிடறேன். அஞ்சு நிமிசம் வேல, ஆள் இருந்த எடமே தெரியாது" என்றார் போட்டோகிராபர்.

"கைய வெச்சே, ஒதப்பேன்" என்றேன்.