உங்கள் அக்காவின் ஊதாச் செடி குறித்து

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தாங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, அந்த நலத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிப்பும் கேட்டு எழுதுவது. கடிதம் நீண்டுவிடும் என்ற பயத்தில் சுருக்கத்தை முதலில் தந்துவிடுகிறேன்:

1. நீங்கள் கொடுத்து உங்கள் அக்கா வைத்த ரோடோடெண்ட்ரான் செடி செத்துக்கொண்டிருக்கிறது.
2. காரணம் நான்.
3. ஆகவே வண்டியோடு வந்து அதைப் பெயர்த்துக்கொண்டு போங்கள். அது இல்லாமல் நான் இருந்துகொள்வேன்.

இனி விவரம். அவள் இருந்தவரை என்னைச் செடிப் பக்கம் அண்டவிட்டதில்லை. "நீங்க ஊத்தற தண்ணியில மீன் வளர்க்கலாம், தள்ளுங்க" என்பாள். அவள் போன பிறகு வேறு ஆளில்லாமல் பொறுப்பு என்னிடம் வந்தது, செய்வதை முறையாகச் செய்வோம் என்று நூலகத்துப் புத்தகத்தைப் புரட்டினால் இந்தச் செடிக்குப் புளிப்பான மண் வேண்டும் என்று போட்டிருந்தது, நம் மண் புளிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது, விரல் நுனியில் துளி எடுத்து நாக்கில் வைத்தேன், அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தையற்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "ஐயோ சார், மண்ணையா திங்கறீங்க!" என்று கத்திவிட்டார். "சும்மா ருசி பார்த்தேன்" என்று நான் சொன்னது நிலைமையைச் சீராக்கவில்லை. அன்று முதல் அவர் வீட்டிலிருந்து எனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது. வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. நானும் சமைத்துவிடுவதால் இரண்டு முறை சாப்பிடுகிறேன்.

என்றும் பசுமையாக இருக்கும் என்று நீங்கள் சொல்லித்தான் கொடுத்தீர்கள். அதை அப்படியே நம்பியிருந்த எனக்கு, அடியிலிருந்த இலைகள் பழுத்து விழத் தொடங்கியதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, விழப்போகிற இலைகளைப் பச்சை நூலால் கிளையோடு சேர்த்துக் கட்டினேன் (நூல் தையற்காரரிடம் வாங்கியது; எதற்கென்று அவர் கேட்கவில்லை, பயந்திருக்கலாம்). கட்டிய இலைகள் நூலில் தொங்கியபடியே காய்ந்தன. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான், எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன், ஒரு வேளை மருந்து தவறவில்லை, டாக்டர்கூடப் பாராட்டினார். அதைப் பற்றி மேற்கொண்டு எழுத வரவில்லை.

பூ நீலம் என்று நான் சொல்வதும், "ஊதாங்க, மொதல்ல கண்ணாடியைத் தொடைங்க" என்று அவள் சொல்வதும், பூத்த இரண்டு வருஷமும் நடந்தது. ஊதாதான். அப்போதே ஒப்புக்கொண்டிருக்கலாம்.

இந்த வீட்டில் என் பராமரிப்பில் இன்னொரு உயிர் போவதைப் பார்க்க எனக்குத் திராணியில்லை. உங்களுடையது ராசியான கை. எடுத்துப் போய்விடுங்கள்.

தங்கள் இல்லத்தரசிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவன்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டுவிட்டு, நீங்கள் பெயர்க்க வசதியாக இருக்கட்டும் என்று நூல்களை அவிழ்க்கப் போனேன். மதிலுக்கு மேலிருந்து தையற்காரர், "எப்பப் பாரு அடியிலயே உக்காந்து பார்க்கறீங்களே சார், எந்திரிச்சு மேல பாருங்க, நுனிக்கு நுனி மொட்டு!" என்றார். எழுந்து பார்த்தேன். இருக்கிறது. உதிர்வது பழைய இலைகள் மட்டுமே. அது இயல்புதான் என்று புத்தகத்தின் அடுத்த பக்கத்தில் போட்டிருக்கிறது. ஆகவே வண்டி வேண்டாம். பூக்கும்போது நீங்கள் மட்டும் வாருங்கள். மூன்றாவது குறிப்பில், அது இல்லாமல் இருந்துகொள்வேன் என்று எழுதியிருக்கிறேன். அது தவறு.