மூலப்பொருள்

நெருப்பைக் கண்டுபிடித்தது யார் என்று யாருக்கும் தெரியாது. சக்கரத்துக்கும் அதே கதிதான். ஆனால் அப்பாவின் பழைய சட்டைக்குள் மகளின் ஸ்கர்ட் ஒளிந்திருக்கிறது என்று மனித குலத்துக்கு எடுத்துக்காட்டியவர் யார் என்பதில் வரலாற்று ஆசிரியர்கள் திண்டாட வேண்டியதில்லை. அந்தப் பெண்மணி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில், கணவரோடும் மகளோடும் கணவரின் தங்கையோடும் வசித்துவருகிறாள். சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் தையல் மெஷின் இருக்கிறது. மறு பாதியில் குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவு இருக்கிறது.

புகார்ப் பிரிவு சாப்பாட்டு மேசைக்கு வந்ததற்குத் தகுந்த காரணம் உண்டு. வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் தண்ணீர் வருவதில்லை. அதைப் பற்றிப் புகார் சொல்ல ஊழியர்களுக்கு விதியில் இடமில்லை. ஆகவே அவரவர் வீட்டிலிருந்தே பொதுமக்களின் புகார்களைக் கேட்கும்படி மேலிடம் பெருந்தன்மையோடு ஆணையிட்டது. அன்றிலிருந்து அவள் காதில் ஹெட்செட், காலடியில் தையல் மெஷினின் பெடல், அடுப்பில் குக்கர்.

"தண்ணி வந்து ஒரு வாரமாச்சும்மா."

"உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது."

"அங்க மட்டும் மோட்டார் ஓடற சத்தம் கேக்குதே."

"அது தையல் மெஷினுங்க."

"நாங்க தண்ணி கேட்டா நீங்க துணி தைக்கறீங்களா?"

"அதுவும் பதிவு செய்யப்பட்டது."

அவள் கணவர் கம்பெனிகளுக்கு விரயமில்லாமல் வாழக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர். உள்ளறையில் மடிக்கணினி முன்னால் கோட்டும் டையுமாக உட்கார்ந்து, எங்கெங்கோ இருக்கும் மேலாளர்களுக்கு வகுப்பு எடுப்பார். ஞாயிறுதோறும் மாலையில் வீட்டில் 'குடும்பப் பொதுக்குழு' கூடும். தலைவர் அவர். செயலாளர் மகள். மக்கள் தொடர்பு அதிகாரி அவருடைய தங்கை. எஞ்சிய ஒருத்தி உறுப்பினர்; டீயும் அவள்தான் போடுவாள்.

"ஊருக்குச் சொல்றதை நாம முதல்ல செய்யணும்," என்றார் தலைவர் ஒரு கூட்டத்தில். 'நாம' என்று சொல்லும்போது அவர் பார்வை தையல் மெஷின் பக்கம் போனது. அன்றுதான் அந்தச் சட்டம் நிறைவேறியது: மூன்று மாதமாக வெளியே போட்டுக்கொண்டு போகாத துணி, இனிமேல் துணி அல்ல. மூலப்பொருள்.

"சட்டம் எல்லாருக்கும் பொது," என்றும் சேர்த்துக்கொண்டார். எவ்வளவு நியாயமான மனிதர் பாருங்கள்.

மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அவள் துணிகள் துணிகளாகவே நீடித்தன. தங்கை பூங்கா, கடைத்தெரு என்று எங்காவது போய் வீடியோ எடுக்கிறவள், அவளுடையதற்கும் ஆபத்தில்லை. வீட்டை விட்டு நகராமல் வேலை பார்ப்பவளின் அலமாரியில்தான் சட்டம் முதலில் காலெடுத்து வைத்தது. அவளுடைய பூப்போட்ட பருத்தி உடுப்பு, நாத்தனாருக்கு மேல்சட்டை ஆனது. கறுப்பு உடுப்பு, மகளின் நடன வகுப்புக்குக் கால்சட்டை ஆனது. கல்யாண வரவேற்புக்கு எடுத்த பட்டு, கணவரின் மடிக்கணினிக்கு உறை ஆனது. "அடடா, கம்பீரமா இருக்கே," என்றார் அவர் மடிக்கணினியைப் பார்த்து. அந்தப் பட்டை அவள் கட்டியிருந்தபோது இந்த வார்த்தையை அவர் சொன்னதாக நினைவில்லை.

அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் இதன் மகத்துவம். வெட்டியதும் அவள் கைதான், தைத்ததும் அவள் கைதான். கத்தரிக்கோல் துணியில் இறங்கும்போது வரும் அந்தச் சன்னமான சத்தம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. தைத்து முடித்ததைப் போட்டுப் பார்த்து மகள், "அம்மான்னா அம்மாதான்," என்பாள். அந்த நிமிஷம் நெஞ்சுக்குள் ஏதோ நிறையும். அது அன்புதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அன்பாகவே இருக்கலாம். அதுவும் யாரோ ஒருவரின் அளவுக்குத் தைத்ததாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்படியாக அவள் அலமாரி, ஒரு முன்மாதிரி அலமாரியாக, கிட்டத்தட்ட காலியானது. வீட்டில் போட்டுக்கொள்ளும் சில பழசுகளும் ஒரு கோட்டும் மிச்சம்.

செங்கல் நிறக் கோட்டு. அவள் தனியாகக் கடைக்குப் போய்த் தனக்கென்று எடுத்தது. அதில் இரண்டு ஆழமான பாக்கெட். கடைக் கண்ணாடி முன்னால் அவற்றுக்குள் கையை விட்டபோது ஒன்றுமே தட்டுப்படவில்லை. வீட்டுச் சாவி இல்லை, பிள்ளை கடித்து மிச்சம் வைத்த பிஸ்கட் இல்லை, மூக்குத் துடைத்த கைக்குட்டை இல்லை. அவளுக்கென்று இந்த உலகத்தில் காலியாக இருந்த இடங்கள் அந்த இரண்டும்தான். எங்காவது போகும்போது போட்டுக்கொள்ளலாம் என்று மாட்டிவைத்தாள். அந்த 'எங்காவது' இன்னும் வந்து சேரவில்லை.

இதற்கிடையில் குடியிருப்போர் நலச் சங்கம், 'விரயமற்ற குடும்பம்' என்ற விருதை அறிவித்தது. நாத்தனார் எடுத்த வீடியோக்கள் அதற்குள் சங்கத் தலைவரின் மனைவி வரைக்கும் எட்டியிருந்தன. விருது இந்தக் குடும்பத்துக்குத்தான். அடுத்த ஞாயிறு காலை, கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தில், குடும்பத் தலைவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.

உடனே அவசரப் பொதுக்குழு கூடியது.

"அண்ணா மேடை ஏறும்போது மறுதையல் துணியில ஏதாவது போட்டுக்கணும்," என்றாள் நாத்தனார். "ஒரு வெயிஸ்ட்கோட் போட்டா எடுப்பா இருக்கும். அண்ணி, அந்த செங்கல் கலர் கோட்டு சும்மாதானே தொங்குது?"

"சும்மா தொங்கலை," என்றாள் அவள். "நான் போட்டுக்கப் போறேன்."

"எப்போ?"

செயலாளர் போனில் தேதி பார்த்து, "வாங்கி வெள்ளிக்கிழமையோட மூணு மாசம் முடியுதும்மா," என்று அனுதாபத்தோடு அறிவித்தாள்.

"அப்போ வெள்ளி வரைக்கும் அது உன் கோட்டு," என்றார் தலைவர். "அதுக்குள்ள போட்டுக்க. யாரு வேண்டாம்னா?"

திங்கட்கிழமை காலை அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு சமைத்தாள். குழம்பு தெறிக்காமலிருக்கக் கோட்டுக்கு மேல் ஏப்ரன் கட்டியிருந்தாள்.

"இது செல்லாது," என்றார் கணவர், தட்டை நகர்த்திக்கொண்டே. "வீட்டுக்குள்ள போட்டா அது போட்டதா ஆகாது."

"அப்படின்னு சட்டத்துல இல்லையே."

"இப்போ இருக்கு. செயலாளர், குறிச்சுக்க."

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு கீழே குப்பை கொட்டப் போனாள். திரும்பி வருவதற்குள் விசாரணை முடிந்திருந்தது.

"குப்பைத்தொட்டி கட்டட எல்லைக்குள்ள இருக்கு. அது வெளியில்லை."

"பால்கனி?" என்றாள் அவள். "அங்க நின்னா?"

"மேல வானம் இருக்கே அண்ணா," என்றாள் நாத்தனார், நடுநிலையோடு. "வானம் வெளிதானே?"

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். கம்பெனிகளுக்குக் கூட அவர் இவ்வளவு யோசித்ததில்லை. "வானம் வெளிதான். தரை நம்மளது. நிக்கறது தரையிலதானே."

சட்டம் இப்படி நாளுக்கு நாள் முதிர்ந்துகொண்டிருந்தது.

இனி ஒரே வழிதான். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு வருவது. வாங்குவதற்கு ஒன்றுமில்லை, சும்மா போவது. சும்மா போக வேண்டும் என்று நினைத்ததும் அவளுக்கு ஏனோ கன்னம் சூடானது, ஏதோ தப்புக் காரியத்துக்குத் திட்டம் போடுகிறவள் போல.

வெள்ளிக்கிழமை காலையில் கோட்டை நாற்காலி முதுகில் தயாராக மாட்டியிருந்தாள். முற்பகலில் ஊரின் பெரிய குழாய் எங்கோ வெடித்தது. தண்ணீர் வராதவர்கள் எல்லாரும் தண்ணீர் வரவில்லை என்றும், வெடித்த இடத்துக்காரர்கள் தண்ணீர் நிற்கவில்லை என்றும் கூப்பிட்டார்கள். ஒரு முதியவர் தன் வீட்டு வரவேற்பறையில் செருப்பு மிதப்பதாகச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் பதிவு செய்தாள். ஒரு கையால் கோட்டின் பாக்கெட்டைத் தொட்டுக்கொண்டே பதிவு செய்தாள். ஹெட்செட்டைக் கழற்றியபோது ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மகள் மெதுவாக வந்து தோளில் கை வைத்தாள்.

"வெயிஸ்ட்கோட்டுக்கு பட்டன் என்ன கலர்ல வேணும்னு அப்பா கேக்கறாரும்மா."

சனிக்கிழமை வகுப்பு எடுக்க உள்ளறைக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் கணவர் எட்டிப் பார்த்து, "நாளைக்கு மானம் போயிடக் கூடாது, பாத்துக்க," என்றார்.

மேசைமேல் கோட்டை விரித்தாள். சாக்கட்டியால் கோடு போட்டாள். கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்துப்பட்டைக்குக் கீழே வைத்தாள். கை நகரவில்லை. இத்தனை துணிகளை வெட்டியபோது கை ஒருமுறைகூட அவளிடம் இப்படிக் கேள்வி கேட்டதில்லை. தன் கையைத் தானே வேடிக்கை பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

உள்ளறையில் கணவரின் குரல் கணீரென்று கேட்டது. "பயன்படுத்தாம வெச்சிருக்கற ஒவ்வொண்ணும் விரயம்தான். நம்ம வீட்டுலேயே தேடுங்க."

தேடச் சொன்னாரே என்று அவள் எழுந்தாள். சாத்திய கதவு காற்றில் பாதி திறந்திருந்தது. மேலே வெள்ளைச் சட்டை, டை, சாம்பல் நிற சூட்டின் கோட்டு. கீழே கோடுபோட்ட அரைக்கால் சட்டை, தரையில் தாளம் போடும் வெறும் பாதம். வகுப்புகள் திரைக்கு மாறிய நாளிலிருந்து அவருடைய நிர்வாகவியல் இடுப்போடு முடிந்துவிட்டது. வெளியே போவதானாலும் அதே அரைக்கால் சட்டைதான்.

அப்படியானால் சூட்டின் பேண்ட் எங்கே?

அலமாரியில் இருந்தது, அவருக்கு மிச்சமிருந்த ஒரே பேண்ட். மடிப்புக் கலையாமல், இடுப்புப்பட்டையில் லேசான தூசியோடு, சும்மாதான் தொங்கியது. சட்டம் எல்லாருக்கும் பொது. அதன் அடுத்தடுத்த திருத்தங்களும்தான்.

இந்த முறை கை எதுவும் கேட்கவில்லை.

ஞாயிறு காலையில் சாம்பல் நிற வெயிஸ்ட்கோட் கணவரின் உடம்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடி முன்னால் இடம் வலமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். நாத்தனார் வீடியோ எடுத்தாள்.

"செங்கல் கலர்னுதானே பேசினோம் அண்ணி?"

"இது இன்னும் எடுப்பா இருந்துச்சு."

"நல்ல உயர்ந்த துணி," என்றார் கணவர், தடவிப் பார்த்து. "பழக்கப்பட்ட துணி மாதிரி இருக்கே. என் சூட்டுக்கு அப்படியே பொருந்துது பாரு. எங்க கிடைச்சுது?"

"வீட்டுலேயே தேடினேங்க."

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அலமாரியைத் திறந்தார். வெகுநேரம் அலமாரிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என் பேண்ட்டைக் காணோம்."

"போட்டிருக்கீங்களே," என்றாள் அவள்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் குனிந்து வெயிஸ்ட்கோட்டைப் பார்த்தார், பிறகு அதற்கும் கீழே பார்த்தார்.

"யாரைக் கேட்டு வெட்டின?"

"மூணு மாசம் என்னங்க, அதுக்கு மேலேயே ஆச்சு. வெளியே போகலை. வீட்டுக்குள்ள போட்டாலும் செல்லாது, அதைக்கூட நீங்க போடலை."

"நான் இப்போ மேடை ஏறணும். இதுக்கு என்ன பதில் சொல்ற?"

"உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது," என்றாள் அவள். கிண்டலாகச் சொல்லவில்லை. வேலை நாக்கில் அப்படிப் படிந்துபோயிருந்தது.

விருது விழா குறித்த நேரத்தில் இனிதே நடந்தது. கூடத்தின் ஓரத்தில் சைக்கிள்களை ஒதுக்கி, நாற்காலி போட்டு, முன்னால் ஒரு பேச்சு மேடைப்பெட்டியை நிறுத்தியிருந்தார்கள். குடும்பத் தலைவர் எல்லாருக்கும் முன்னதாகவே வந்து அதற்குப் பின்னால் நின்றுகொண்டார். மார்புக்கு மேலே அவரைப் போல ஒரு கனவானைப் பார்க்க முடியாது.

"முன்னால வாங்க சார், ஒரு போட்டோ," என்றார் சங்கத் தலைவர்.

"இருக்கட்டும். எளிமையா இங்கேயே வாங்கிக்கறேன்."

"என்ன ஒரு அடக்கம்," என்று முதல் வரிசையில் ஒருவர் உருகினார்.

அவள் கூடத்தின் வாசலருகே நின்றிருந்தாள். செங்கல் நிறக் கோட்டு போட்டிருந்தாள். கட்டட எல்லைக்குள்தான், ஆகவே இன்னும் செல்லாது. பேண்ட்டில் மிஞ்சிய இரண்டு பாக்கெட்டுகளையும் வீணாக்காமல் கோட்டின் உள்பக்கம் வைத்துத் தைத்திருந்தாள். இப்போது அவளிடம் காலியான இடங்கள் நான்கு. முன்வரிசையில் அவளுடைய பூப்போட்ட உடுப்பு நாத்தனாரின் தோளில் உட்கார்ந்து படம் பிடித்தது. அவளுடைய கறுப்பு உடுப்பு மகளின் கால்களில் ஆடிக்கொண்டிருந்தது. மேடைப்பெட்டிமேல், மடிக்கணினியைச் சுற்றி, அவள் பட்டு பளபளத்தது. எல்லாரும் வந்திருந்தார்கள், தன்னைத் தவிர, என்று அவளுக்குத் தோன்றியது.

"சார், இந்தச் சாதனையோட ரகசியத்தை நாலு வார்த்தையில சொல்லுங்க," என்றார் சங்கத் தலைவர்.

கணவர் மைக்கைச் சரிசெய்துகொண்டார். அவர் மனமறிந்து பொய் சொல்கிறவர் அல்ல. அன்றும் சொல்லவில்லை.

"ரகசியம்னு ஒண்ணுமில்லைங்க. வெளியே போகாம வீட்டுக்குள்ளேயே கிடக்கற எதையும் நாங்க சும்மா விடறதில்லை. அதுக்குன்னு தனியா ஒரு உபயோகம் இருக்கான்னு பாக்க மாட்டோம். பிரிச்சு, வெட்டி, மத்தவங்க அளவுக்குப் பொருந்தற மாதிரி ஆக்கிடுவோம். கடைசித் துண்டு வரைக்கும் எங்க வீட்டுல விரயமே கிடையாது."

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. அவளும் தட்டுவதற்காகக் கைகளைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தாள். பிறகு திரும்பவும் உள்ளே விட்டுக்கொண்டு, குப்பைத்தொட்டியைத் தாண்டி, கட்டடத்தின் வாசல் கம்பிக்கதவைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தாள்.

துணியைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவள் இத்தனை காலமும் நம்பியிருந்தாள்.