மானியம் வந்ததும் நாடகம்

மானியத்துக்குக் காத்திருக்கும் நாடகாசிரியர் என்றொரு பிறவி உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாடகத்தை அல்ல, ஆளை. அக்குளில் கோப்பு, சட்டைப்பையில் இரண்டு பேனா, கலைத்துறை அலுவலக மாடிப்படியில் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருப்பார்.

மானியம் கேட்பது குற்றமா? இல்லவே இல்லை. விளக்கும் அரங்கமும் வானத்திலிருந்தா விழும்? அரசாங்கம் கொடுக்கத்தான் வேண்டும். நம்மவர் சங்கதி வேறு. நாட்டை இழந்த ராஜாவைப் பற்றி அருமையாக ஒரு நாடகம் எழுதினார். விண்ணப்பத்தில் "இவ்வாண்டுக் கருப்பொருள்: சாலைப் பாதுகாப்பு" என்றிருக்கவே ராஜாவுக்குத் தேரில் ஹெல்மெட் மாட்டினார். மறு ஆண்டு மழைநீர் சேகரிப்பு என்றார்கள், அவ்வளவு துக்கத்திலும் ராஜா அரண்மனைக் கூரைக்குக் குழாய் பதித்தார். இந்த ஆண்டு சிறுசேமிப்பாம், ராஜா கையில் உண்டியலோடு நிற்கிறார். பாவம், மனுஷன் நாட்டை இழந்ததே அவருக்கு மறந்துபோயிருக்கும்.

ராஜா வேஷம் நம்மவரின் மைத்துனனுக்கு. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிறவன். மூன்று வருஷமாக வசனத்தை உருப்போட்டுக்கொண்டு குளியலறையில் மட்டும் ஆட்சி நடத்திவந்தான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான்.

"அத்தான், பள்ளிக்கூட ஹால் ஞாயித்துக்கிழமை சும்மாதான் கிடக்கு. வாடகையே வேணாங்கிறாங்க. போட்டுடலாமா?"

நம்மவர் பதறினார். "புத்தி இருக்காடா உனக்கு? மானியம் இல்லாமலே போட்டுட்டா, அப்புறம் மானியம் எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?"

"அடுத்த மாசம் எனக்கு வெளியூர் மாத்தல் அத்தான். இப்ப விட்டா எப்பவும் இல்ல."

"அதுக்குள்ள வந்துடும். கோப்பு மேஜைக்குப் போயாச்சு."

"போன வருஷமும் மேஜையிலதானே இருந்துச்சு?"

நம்மவர் கலைத்துறை அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். மைத்துனன் அதற்குமேல் கேட்கவில்லை. அக்காவிடம் முதல் பிரதியை, ஹெல்மெட்டும் குழாயும் உண்டியலும் இல்லாத பிரதியை, வாங்கிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நாற்பது பேர். கடைசிக் காட்சியில் ராஜா தன் நாட்டு எல்லைக்கு வெளியே நின்று திரும்பிப் பார்த்தபோது ஒரு நாற்காலிகூட கிறீச்சிடவில்லை. கதவோரம் நின்ற நம்மவர் தேம்பித் தேம்பி அழுதார். சொல்ல வெட்கமென்ன, நானும் அழுதேன்.

திரை விழுந்ததும் ஓடிப்போய் மைத்துனனைக் கட்டிக்கொண்டார். "பிரமாதம்டா! மானியம் மட்டும் வரட்டும், இந்த நாடகத்தை மேடையேத்தியே தீருவோம்!"

சிரித்துவிட்டீர்களா? சிரியுங்கள். அது போகட்டும், நீங்கள் பாட்டு கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னீர்களே, என்ன ஆயிற்று? புது வீட்டுக்குக் குடிபோனதுமா? சரிதான். காத்திருப்போர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும்.