தாடைக் கட்டு

முகத்தைத் தூக்கிக் கட்டுவது என்று தீர்மானித்தேன். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் சொல்ல ஆள் இல்லை.

என் மனைவி ராசம்மாள் சென்னையில், மகன் வீட்டில். பேரனைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் என்று போனாள். தீபாவளி போனது. பொங்கலும் போனது. பொங்கலன்று ஒற்றை ஆளுக்குப் பானை வைத்தேன். "பொங்கலோ பொங்கல்" என்று ஒரே ஒரு கிழவன் கத்தினால் எப்படி இருக்கும்? வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. சம்பா அறுத்தாகிவிட்டது, உளுந்தும் முளைத்துவிட்டது. வயலிலும் என்னைத் தேடுவார் இல்லை.

கூப்பிடலாம்தான். மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. தண்ணீர் வேண்டுமானால் இருமுவேன். செம்பு வரும். சென்னை வரை கேட்கும்படி இருமுவதற்கு நெஞ்சில் தெம்பில்லை.

வாட்ஸ்அப்பில் வீடியோ போடுவாள்.

"போனைத் தள்ளிப் பிடிங்க. கன்னமெல்லாம் தொங்குது. புள்ள பயப்படுது."

வைத்துவிடுவாள். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் யோசனை வந்தது. நாற்பது வருஷமாக அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது அது தானாகத் தொங்கிவிட்டது. டாக்டரை வைத்துத் தூக்கினால்? கிழவன் ஊரில் தனியாக இருக்கிறான். முகம் மட்டும் பளபளக்கிறது. எந்தப் பெண்டாட்டிக்குப் பொறுக்கும்? அடுத்த பஸ்ஸில் வந்து குதிப்பாள்.

தஞ்சாவூர் போனேன். டாக்டர் வெற்றிச்செல்வன் சின்னப் பையன். அவர் முகத்தில் தூக்க ஒன்றுமில்லை.

"சின்ன ஆபரேஷன்தான் ஐயா. மரத்துப்போக ஊசி போடுவோம். காதுக்கு முன்னாடி சின்னதா கீறி, உள்ள இழுத்துத் தைப்போம். மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம்."

"இருபது வயசு குறையுமா?"

"நல்லாத் தூங்கி எழுந்த மாதிரி இருக்கும். அவ்வளவுதான். முதல்ல ரெண்டு மூணு நாள் வீங்கும். கன்னம் கன்றி நீலமாயிடும். பயந்துடாதீங்க."

"பயப்படற ஆளு சென்னையில இருக்கு."

"தாடையைச் சுத்திக் கட்டு போடுவோம். வாயைப் பெருசாத் திறக்கக்கூடாது. கஞ்சிதான்."

"இப்பவும் அதான்."

"பேச்சைக் குறைக்கணும்."

"யார்கிட்ட பேசறது?"

"சிரிக்கக் கூடாது."

"எதுக்குச் சிரிக்கறது?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கூட யாராவது இருந்து பாத்துக்கணும் ஐயா. வீட்ல யாரு இருக்காங்க?"



"பக்கத்து வீட்டுப் பஞ்சநாதன்" என்றேன்.

பஞ்சநாதன் நல்லவன். காரில் கூட்டிப்போனான். எல்லாம் முடிந்து மறுநாள் கூட்டிவந்தான். தலைக்கு இரண்டு தலையணை வைத்துக் கட்டிலில் படுக்க வைத்தான். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். சத்தியத்தைக் காப்பாற்றினான். அதுதான் வினை. அவளிடம், "மருதையன் அண்ணனுக்குக் கஞ்சி கொடுத்துட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டான்.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்துவிட்டால் முதல் வேலை, வாய் பிளக்காமல் தாடையைச் சுற்றி வெள்ளைத்துணி கட்டி உச்சியில் முடிச்சுப் போடுவது. அழுகையெல்லாம் அப்புறம். டாக்டர் கட்டியதும் அதே வெள்ளை. அதே உச்சி. அவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பஞ்சநாதன் பெண்டாட்டி எல்லையம்மாள் கஞ்சியோடு உள்ளே வந்தாள். நான் கண்ணை மூடி அசையாமல் கிடந்தேன். கன்னம் நீலம்.

கஞ்சி கீழே போனது.

"ஐயோ அண்ணே! ஒத்தையில கெடந்தே போயிட்டீங்களே! ஏன்னு கேக்க ஒரு நாதி இல்லாமப் போயிட்டீங்களே!"

"ம்ம்" என்றேன். அவள் சத்தத்தில் எடுபடவில்லை. அப்புறம் நானும் முயலவில்லை. என்னைப் பற்றி ஒருவர் இவ்வளவு நேரம் பேசிக் கேட்டு நாளாகிவிட்டது. "தங்கமான மனுசன்" என்றாள். அது எனக்கே புதுச் செய்தி.

மாரில் அடித்துக்கொண்டே போனைப் போட்டாள்.

"அண்ணி! அண்ணன் நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு!"

  ஸ்பீக்கரில் ராசம்மாள் குரல் வந்தது. நடுங்கியது.

"வீடியோ போடு."

போட்டாள். மூச்சை அடக்கினேன்.

"வாயை யாரு கட்டினது?"

"தெரியல அண்ணி. நான் வந்தப்பவே கட்டியிருந்துச்சு."

"அவரே கட்டிக்கிட்டுச் செத்தாரா? கிட்டக் காட்டு... மூக்கு விடைக்குது பாரு. கோபம் வந்தா அப்படித்தான் விடைக்கும். உசிரோடதான் இருக்காரு. நான் கிளம்பி வரேன்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. சிரிக்கக் கூடாது. எப்படியோ திட்டம் பலித்துவிட்டது.

மறுநாள் காலை வந்தாள். கீழ்வேளூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து காரில் கூட்டிவந்த பஞ்சநாதன், வழியிலேயே எல்லாவற்றையும் கக்கிவிட்டான். சத்தியம் பெண்டாட்டிக்கு மட்டும்தானாம்.

கட்டிலில் உட்கார்ந்து என் கன்னத்தைக் கிட்டப் பார்த்தாள்.

"எவளுக்குக் காட்ட இந்த மூஞ்சி?"

விரலை நீட்டி அவளைக் காட்டினேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள். திரும்பியபோது பழைய ராசம்மாள்.

"அப்படின்னா, 'ராசம்மா, இங்கேயே இரு'ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. சொன்னா இருக்கேன். இல்லேன்னா சாயங்கால பஸ்ஸு."

தாடையைக் காட்டினேன். போனில் தட்டிக் காட்டப் போனேன். பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"வாயால."

"...ரு."

"கேக்கல."

"இரு."

"யாரு?"

"ராசம்மா, இங்கேயே இரு!"

நாற்பது வருஷத்துக்கும் சேர்த்துச் சொன்னேன். இடது காதோரம் பட்டென்று தையல் விட்டது.

அவள் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "தம்பி, கார்ல இருக்கற பெட்டியெல்லாம் இறக்குங்க. மிக்ஸி இருக்கு, பாத்து!"

முழித்தேன்.

"மருமகளோட அம்மா ரிட்டையர் ஆயிட்டாங்க. இனி அவங்கதான் புள்ளயப் பாத்துக்கறது. வர்ற ஞாயித்துக்கிழமை ஊருக்குத் திரும்ப எனக்கு டிக்கெட்டே போட்டாச்சு. நீங்க கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். எங்க கேட்டீங்க?"

இப்போது என் வலது கன்னத்துக்கு வயது ஐம்பது, இடதுக்கு எழுபது. ராசம்மாள் உட்காருவதெல்லாம் இடது பக்கம்தான்.